நான் விரும்பும் பணி

"படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பவர்களிடம், "நிலம் அளக்கப் போகிறேன்" என்பேன். சிலர் சிரிப்பர். கணிதம் படித்தவர் ஆசிரியராகவோ வங்கி அலுவலராகவோ ஆவதுதானே வழக்கம்! எனக்கு இவ்வாசை வந்த கதையை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

என் தந்தை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றது. ஏரிக்குச் செல்லும் வரத்துக் கால்வாயை யாரோ அடைத்துவிட்டார்கள் என்று ஊரே பேசிற்று. மேல்தெருக்காரர்களை எல்லாரினும் உரக்க ஏசியவர் என் தந்தைதான்.

மழை ஓய்ந்தபின் நில அளவர் வந்தார். அவர் கையில் புலப்படம் இருந்தது. நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, எல்லை வளைவுகளைச் செங்குத்துத் தூரங்களால் குறித்த தாள் அது. வகுப்பில் படித்த வடிவியல் அங்கே வயலாகக் கிடந்தது! "தம்பி, சங்கிலி முனையைப் பிடி" என்றார். எல்லைக்கல்லிலிருந்து அளந்துகொண்டே வந்தவர் எங்கள் வீட்டருகில் நின்றுவிட்டார். கால்வாயின் வழியில், என் பாட்டனார் கட்டிய மாட்டுக் கொட்டகையின் சுவர் நின்றது. "எங்களுடையதா?" என்றார் தந்தை. "சங்கிலிக்கு வேண்டியவர், வேண்டாதவர் தெரியாதுங்க" என்றார் அவர்.

அன்றிரவு தந்தை சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிறன்று கடப்பாரையை அவரே எடுத்தார். நான் செங்கல் சுமந்தேன். அதைப் பார்த்தபின் மேல்தெருவிலும் இரண்டு சுவர்கள் இறங்கின.

அதன்பிறகே இத்துறையைப் பற்றித் தேடிப் படித்தேன். 66 அடிச் சங்கிலியில் பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். கிண்டிப் பொறியியற் கல்லூரியின் தொடக்கமே 1794இல் சென்னையில் நிறுவப்பட்ட நில அளவைப் பள்ளிதான். 1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலை அருகே லாம்டன் அளக்கத் தொடங்கிய அடிக்கோட்டிலிருந்துதான் பெரும் முக்கோண அளவை இமயம்வரை வளர்ந்தது. இன்று செயற்கைக்கோளும் ஆளில்லாச் சிறுவிமானமும் அளக்கின்றன. புலப்படத்தை வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம்.

ஆயினும் ஏரி, கால்வாய், வயல், தொழிற்சாலை, குடியிருப்பு ஆகிய யாவும் நெருங்கிக் கிடக்கும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில், ஒவ்வொரு ஊராட்சிக்கும் தன் நீர்வழி எது, சாலை எது, குழாய் எது என்று ஒரே படத்தில் காட்டவல்லவர் வேண்டும். புவித்தகவலியல் மேற்படிப்புப் படித்து அப்பணியில் சேர வேண்டும் என்பதே என் ஆசை.

பிறர் நிலத்தை அளப்பது எளிது, தோழர்களே. முதல் சங்கிலி நம் வீட்டு வாசலிலிருந்து தொடங்கட்டும்!