இரண்டு நாணயம், ஒரே சத்தம்

பிளஸ் ஒன் வகுப்பில் எறிபொருள் இயக்கம் நடத்தி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பேன். சாய்வாக எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் முடுக்கம் எவ்வளவு? நெடுக்கத்துக்கும் பறக்கும் நேரத்துக்கும் சூத்திரத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் "சுழி சார்" என்பார்கள். அங்கே சுழியாவது செங்குத்துத் திசைவேகம் மட்டும். கையை விட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை முடுக்கம் அதே 9.8தான், கீழ்நோக்கித்தான். உச்சியில் அதுவும் இல்லையென்றால் பந்து இறங்கவே இறங்காது. கிடையாகப் போய்க்கொண்டே இருக்கும்.

பல வருடம் இதைப் பிள்ளைகளின் கவனக்குறைவு என்றே நினைத்தேன். சூத்திரத்தை முதலில் எழுதிப் போட்டது நான்தானே என்று உறைக்க நாளாயிற்று.

இப்போது சாக்பீஸை எடுக்குமுன் ஒரு ஸ்கேலையும் இரண்டு நாணயங்களையும் எடுக்கிறேன். ஸ்கேலின் ஒரு முனை மேசைக்கு வெளியே நீட்டியிருக்கும். அதன் மேல் ஒரு நாணயம்; மேசை விளிம்பில் ஸ்கேலை ஒட்டி இன்னொன்று. பக்கவாட்டில் ஒரு தட்டு. ஸ்கேல் மேல் இருந்தது நேராகக் கீழே விழும். ஒட்டியிருந்தது தெறித்துத் தூரப் பாயும். "கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க" என்பேன். ஒரே சத்தம். மேசை 80 செ.மீ. உயரம், இரண்டுக்கும் சுமார் 0.4 விநாடி.

"இன்னும் வேகமா தட்டினா சார்?"

"தட்டிப் பாரும்மா."

நாணயம் பீரோவுக்கு அடியில் போய்விடும். சத்தம் அப்போதும் ஒன்றுதான். பக்கவாட்டு ஓட்டம் விழுவதைத் தாமதப்படுத்துவதில்லை. இரண்டுக்கும் பொது நேரம் மட்டுமே. 1608 வாக்கில் பாதுவாவில் கலிலியோ சாய்தளத்தில் பந்தை உருட்டி, மேசை விளிம்பிலிருந்து பாயவிட்டு, விழுந்த இடங்களை அளந்தார். பாதை பரவளையம் என்ற முடிவு 1638இல்தான் அச்சேறியது. அத்தனை வருடம் பிடித்த விஷயத்தை ஒரு பீரியடில் முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

'காற்றுத்தடையைப் புறக்கணிக்க' என்ற வரியையும் நிறுத்திப் படிக்க வைக்கிறேன். நாணயத்துக்கு அது ஏறக்குறைய உண்மை. ஷட்டில் காக்குக்குப் பொருந்தாது. அது பாதி வழியில் வேகமிழந்து செங்குத்தாகச் சரியும்.

ஒருமுறை பள்ளி கிரிக்கெட் அணிப் பையன் எழுந்தான். "45 டிகிரியில எறிஞ்சா ரொம்ப தூரம் போகும்னீங்க. நாங்க யாரும் அப்படி எறியறதில்லையே?" அவனையே போர்டுக்கு அழைத்தேன். விநாடிக்கு 20 மீட்டர் வேகம், 30 டிகிரி, 60 டிகிரி. இரண்டுக்கும் ஒரே நெடுக்கம், 35.3 மீட்டர். நேரம் மட்டும் வேறு: 2.04 விநாடி, 3.53 விநாடி. கழித்துப் பார்த்தவன் திரும்பினான்.

"ஒன்றரை விநாடி சார். அதுக்குள்ள பேட்ஸ்மேன் பாதி பிட்ச் ஓடிடுவான்."