நாம் அறிந்த துவக்குகள்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, தமிழ் கற்பிக்கும் நாம் குறிஞ்சித் திணையைப் பற்றியோ வடமோடிக் கூத்தைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நாமோ துவக்கைப் பற்றி எழுதத் துணிந்தோம். வாத்தியாருக்கும் துவக்குக்கும் என்ன உறவு என்று நகைக்கும் அன்பர்கள் ஈறுவரை பொறுத்தருள்வார்களாக.

தமிழகத்தார் துப்பாக்கி என்று வழங்குவதை ஈழத்தவராகிய நாம் துவக்கு என்கிறோம். இரண்டும் துருக்கி மொழியின் வழியாக வந்த சொற்கள். துவக்குதல் என்னும் தமிழ் வினையோ தொடங்குதல் எனப் பொருள்படும். இவ்விரண்டும் ஒலியால் மட்டுமே ஒத்தவை. ஆயினும் எம் வாழ்விலே ஒரு துவக்கு வெடித்த நாளிலேதான் எம் தமிழ்க் கல்வியும் துவங்கிற்று.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை அடுத்துக் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. எம் அம்மப்பாவின் வயல் படுவான்கரையில் வெல்லாவெளிக்கு அப்பாலுள்ள வட்டையொன்றில் இருந்தது. மாரிப்போகத்துக் கதிர் பால்பிடிக்கும் காலத்தில் பன்றியும் யானையும் காட்டை விட்டு இறங்கும். மரக்கவரில் பரண் கட்டி இரவு முழுவதும் விழித்திருப்பர். சங்கச் செய்யுளில் இதணம் என வருவதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எம் மனக்கண்முன் தோன்றுவது அந்தப் பரணே. இதணத்தில் இருந்த குறமகள் கிளியைக் கடிந்தாள். எம் அம்மப்பாவோ யானையைக் கடிய வேண்டியவரானார்.

அம்மப்பா தம் இளமையில், நாடு சுதந்திரம் அடைவதற்கு முன், அப்பகுதிக்கு வேட்டைக்கு வந்த துரைமாருக்கு வழிகாட்டியாகவும் துவக்குச் சுமப்பவராகவும் போனவர். ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியார். எனினும் இருளில் கையால் தடவியே இன்ன துவக்கு இது என்று கூறுவார்.

19 ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைக் காடுகளில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 21 இறாத்தல் நிறையுள்ள ஒற்றைக்குழல் றைபிள் ஒன்றைக் கையாண்டதாகத் தம் நூலில் எழுதியுள்ளார். ஒரு வெடி தீர்ந்தால் மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே மீண்டும் இடித்தேற்ற வேண்டும். எம்மூரார் இடியன் என்பதும் இவ்வினத்தையே. அம்மப்பா சுமந்தவை வேறு. கதவின் தாழை நீக்குவதுபோல ஒரு கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால் வெற்றுக்கோது வெளியே துள்ளும். முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் புதிய தோட்டா குழலுட் புகுந்து பூட்டிக்கொள்ளும். போல்ட் றைபிள் எனப்படுவது இதுவே.

அவற்றுள் இரண்டை அம்மப்பா ஓயாது ஒப்பிடுவார். ஒன்று, ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பார் வகுத்த பூட்டைக் கொண்ட ஆங்கிலேயரின் லீ-என்பீல்ட் வகை. மற்றது, ஜேர்மனியரின் 1898 ஆம் ஆண்டு மவுசர் வகை. லீயின் பூட்டைத் தாங்கும் புடைப்புகள் போல்ட்டின் பின்புறத்தில் உள்ளன. ஆதலால் கைப்பிடி குறுகிய தூரமே ஓடும், விரைவு மிகும். மவுசரின் புடைப்புகளோ முன்புறத்தில், தோட்டாவின் அடியை அணுகி நிற்பவை. ஆதலால் வலிய மருந்தையும் அசையாது தாங்கும். அதன் நீண்ட கொளுக்கி, தோட்டா அறையை விட்டு எழும் கணத்திலேயே அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். “லீ ஓடும், மவுசர் விடாது” என்பது அம்மப்பாவின் தீர்ப்பு.

பிற்காலத்தில் நூல்களைத் துருவியபோது அவர் தீர்ப்பில் பிழையில்லை என்று கண்டோம். மவுசரின் வழியிலேயே அமெரிக்கர் 1936 இல் வின்செஸ்டர் 70 ஐச் செய்தனர். பின்னர்ச் செலவைச் சுருக்கும் எண்ணம் மேலோங்கிற்று. 1958 இல் வந்த சவேஜ் 110 குழலை ஒரு திருகுசுரையால் இறுக்கி வேலையை எளிதாக்கிற்று. 1962 இல் வந்த றெமிங்டன் 700 உருளை உருக்கிலிருந்து கடைந்த உடலைக் கொண்டது. இந்தியாவிலோ பட்டாளத்துத் தோட்டாவாகிய .303 குடிமக்களுக்கு விலக்கப்பட்டிருந்தமையால், இச்சாப்பூர்த் தொழிற்சாலை லீயின் பூட்டையே வைத்து .315 அளவில் வேட்டை றைபிள் செய்தது.

விலை குறைந்த றைபிளும் செப்பஞ்செய்யுமிடத்து விலையுயர்ந்ததோடு ஒப்ப நிற்கும் என்பர் வல்லோர். உடலை மரத்தில் அசையாது பொருத்துதல், விசையின் கரடு நீக்குதல், அடிக்கட்டையைத் தோளுக்கு ஏற்ற அளவாக்குதல் என்பன அச்செப்பங்கள். எம் நாட்டு மாரியில் மரம் ஈரம் குடித்துப் புடைத்துக் குழலை நெருக்கும். நெருக்கினால் குறி விலகும். துரை ஒருவர் வேட்டைக்குப் புறப்படுமுன் குழலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு கடதாசித் துண்டைச் செருகி, அது தடையின்றி ஓடுகிறதா என்று பார்ப்பாராம். அதைச் சொல்லும்போது அம்மப்பா தம் வெற்றிலைப் பெட்டியிலிருந்த கடதாசியைக் கிழித்தே எமக்குக் காட்டுவார்.

அவருக்குச் சொந்தமாக இருந்ததோ சன்னம் வெடிக்கும் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றுதான். 1916 ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டத்தின்படி ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்து வைத்திருந்தார். தாம் குள்ளமானவராகையால் அடிக்கட்டையில் ஓர் அங்குலம் அறுத்து, அறுத்த இடத்தில் சைக்கிள் தியூப்பை மடித்து ஆணியடித்திருந்தார். அந்தி மயங்கியபின் குழல் நுனியிலுள்ள குறிமணிமேல் வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு பொட்டாக இடுவார். இருளிலும் அது வெள்ளையாய்த் தெரியும். வாவிக்காற்றின் உப்பு இரும்பைத் தின்னாதபடி தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் தோய்த்துத் துடைப்பார். யானையை நோக்கி ஒருநாளும் அவர் சுட்டதில்லை. சன்னம் பட்ட யானை சாகாது. ஆறாத புண்ணோடும் ஆறாத சினத்தோடும் திரும்பி வரும் என்பார். வானத்தை நோக்கி ஒரு வெடி, அவ்வளவே.

1985 இல் அத்துவக்கு எம் வீட்டை விட்டுப் போயிற்று. கேட்டவர்களிடம் கொடுப்பதன்றி வேறு வழியில்லாத காலம் அது. வயல் இருந்தது, யானையும் இருந்தது, துவக்கு மட்டும் இல்லை. அப்பொழுது எம் மாமா, இக்கல்லூரியின் பழைய மாணவர், அம்மப்பாவின் சொல்லை மீறி ஓர் இடியனைச் செய்வித்தார். நீர்க்குழாய் ஒன்றே அதன் குழல். முதல் இரண்டு இரவும் அது வெடித்தது. மூன்றாம் இரவு பிளந்தது. வலக்கையில் மூன்று விரல்களும் வலக்கண்ணின் பார்வையும் போயின. அப்பொழுது அவருக்கு வயது 27, எமக்கு ஆறு.

உண்மைத் துவக்கின் குழல் அதற்கென்றே தேர்ந்த உருக்கிலே செய்யப்படுவது. வழக்கத்திலும் மிகுந்த மருந்தை வெடித்துச் சோதித்து முத்திரை குத்திய பின்னரே விற்பனைக்கு விடப்படும். பேர்மிங்காமில் 1813 முதல் இதற்கென ஒரு சோதனைச்சாலை இயங்குகிறது. .303 தோட்டா வெடிக்கும்போது குழலினுள் எழும் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 18 தொன். சன்னத் துவக்கில் அது மிகக் குறைவு எனினும், நீரைக் கொண்டுசெல்லச் செய்த குழாய் தாங்கத்தக்கதன்று. இவற்றையெல்லாம் நாம் கற்றது பின்னாளில். அன்று நாம் கண்டது இரத்தம் தோய்ந்த சாரன் ஒன்றையே.

உடல் தேறியபின் மாமா இடக்கையால் எழுதப் பழகினார். அவர் பழகிய பலகையிலேயே நாமும் பழகினோம். அவர் ஓர் எழுத்து எழுதுவார். அருகில் நாம் ஓர் எழுத்து எழுதுவோம். யார் எழுத்துக் கோணல் என்று அம்மப்பாவிடம் காட்டுவோம். இருவர் எழுத்தும் நேராக ஓராண்டு சென்றது. எம்மைத் தமிழாசிரியராக்கியது பயிற்சிக் கலாசாலை என்று சான்றிதழ் கூறும். அந்தப் பலகை என்போம் நாம். சவேஜ் றைபிளை இடக்கைக்காரருக்கென்று போல்ட்டை இடப்புறம் வைத்தும் செய்தார்கள் என்று நாம் படித்துச் சொன்னபோது மாமா வாய்விட்டுச் சிரித்தார். “எனக்குப் பேனா போதும் மகன்” என்றார்.

இனி, இக்கட்டுரை எழுதப் புகுந்த காரணத்தைக் கூறுவோம். படுவான்கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் மார்கழி, தை மாதங்களில் எம் பாடத்தில் உறங்குவான். அவன் தந்தையோடு காவலுக்குப் போகிறான் என்பதை அறிந்து நாம் கடிந்ததில்லை. ஒருநாள் அவன் கொப்பியைத் திருத்தும்போது, புணர்ச்சி விதிகளுக்கு அடுத்த பக்கத்தில் ஒரு படத்தைக் கண்டோம். குழாய், கட்டை, விசை, எல்லாம் அளவோடு. நாம் அவனைத் தண்டிக்கவில்லை. சனிக்கிழமை மாமா வீட்டுக்கு அழைத்துச் சென்றோம்.

மாமா தம் வலக்கையை மேசைமேல் வைத்தார். “தம்பி, குழாய் தண்ணிக்குச் செய்த சாமான். நீ சொல்லுற வேலை அதுக்குத் தெரியாது” என்றார். பையன் நெடுநேரம் அக்கையையே பார்த்திருந்தான். பின்னர் எம் பக்கம் திரும்பி, “அப்ப ஆனை வந்தா அப்பா என்ன செய்யிற, சேர்?” என்றான்.

மூன்று தலைமுறைத் துவக்குகளை அறிந்த எம்மிடம் அதற்கு விடை இல்லை. யானை வெடி கிடைத்த இரவில் அதைக் கொளுத்துகிறார்கள். கிடைக்காத இரவில் தகரம் தட்டுகிறார்கள். அன்று மாலை நாம் மூவரும் இருந்து, அவ்வட்டைக்கு மின்வேலி வேண்டி ஒரு மனு எழுதினோம். சொல் எம்முடையது; கையெழுத்து மாமாவினுடையது, இடக்கையால் எழுதியது; வயல்களின் பெயரும் யானை வரும் வழிகளும் பையன் சொன்னவை. ஊரார் அறுபத்திரண்டு பேர் ஒப்பமிட்டனர். மறுமொழி இன்னும் வரவில்லை.

இம்மலரைப் படிப்போருள் அலுவலகங்களில் மேசை உடையோர் பலர் என்பதை அறிவோம். அம்மனு உங்களில் ஒருவர் மேசைக்கு வரின், கையெழுத்துச் சற்றுக் கோணலாய் இருக்கும். அதனால் அடையாளம் கண்டுகொள்ளலாம். அது இக்கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரின் எழுத்து. பையனும் நாளை பழைய மாணவன் ஆவான். அவன் இரு கையாலும் இக்கல்லூரியின் அடுத்த மலரைப் புரட்டவேண்டும் என்பதே எம் வேண்டுதல்.