6.8 மில்லி துளை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் விஎம்சி மெஷினுக்கு ப்ரோக்ராம் போடுகிறேன். ஸ்டெப் மாடலைத் திறந்ததும் முதலில் துளைகளைத்தான் அளப்பேன். 6.8 மில்லி என்று வந்தால் கை நின்றுவிடும். வெறும் துளையா, எம்8 மரைக்கு டேப் ஓட்ட வேண்டியதா? மாடலில் இரண்டுமே ஒரே உருளைதான்.

ஒருமுறை டிராயிங் இல்லாமல் மாடல் மட்டும் வந்தது. அவசரம் என்றார்கள். 40 அலுமினியத் தட்டு, தட்டுக்கு 6 துளை. துளை போட்டு அனுப்பினோம். நாற்பதும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றையும் மறுபடி ஃபிக்சரில் ஏற்றி, டயல் வைத்துச் சென்டர் பிடித்து, 240 துளைக்கும் டேப் ஓட்டி முடிக்க விடிந்துவிட்டது. டிசைனர் தன் கம்ப்யூட்டரில் எம்8 என்று தேர்ந்தெடுத்துத்தான் துளை வைத்திருந்தாராம். ஃபைலாக வெளியே வரும்போது அது உதிர்ந்துபோயிருக்கிறது. எனக்கு ஆறாதது அதுதான்.

பேரிங் போரும் அப்படித்தான். 6205 பேரிங் உட்காரும் இடம் மாடலில் 52 என்று மட்டும் இருக்கும். அதன் டாலரன்ஸ் எச்7 என்பது டிராயிங் பிடிஎஃப்பில்தான் தெரியும்: 52-க்குக் குறையக் கூடாது, 52.030-ஐத் தாண்டக் கூடாது. நான் நடுவில் 52.015-க்குக் குறி வைப்பேன்.

இந்த மாடல்கள் வரும் ஸ்டெப் வடிவம், அதாவது ஐஎஸ்ஓ 10303, வந்தது 1994-ல். டாலரன்ஸையும் டேட்டத்தையும் மென்பொருளே படிக்கும்படி அந்தந்த முகத்தோடு கட்டி அனுப்பும் அதன் பிரிவான ஏபி242 வந்தது 2014-ல். மெஷினோ இன்னும் ஜி-கோடில்தான் ஓடுகிறது. அதற்கு எம்8-உம் தெரியாது, பேரிங்கும் தெரியாது. எங்கே நகர வேண்டும் என்பது மட்டும் தெரியும். எங்கள் ஃபேனக் கண்ட்ரோலில் எக்ஸ்100 என்று புள்ளியில்லாமல் அடித்தால் 0.1 மில்லிதான் நகரும். 'இது துளை, இதற்கு மரை' என்றே மெஷினிடம் சொல்லும் ஸ்டெப்-என்சி, ஐஎஸ்ஓ 14649 என்ற பெயரில் இருக்கிறது. அதில் ஓடும் மெஷினை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. எங்கள் எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கமான ஐமா நடத்தும் ஆக்மி மெஷின் டூல் கண்காட்சிக்குப் போனாலும் நாங்கள் ஸ்பிண்டில் வேகத்தைத்தான் விசாரிக்கிறோம். ஃபைலைப் பற்றியும் கேட்க வேண்டும்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு கம்பெனியின் டிசைனரிடம் கேட்டேன்: "தம்பி, டாலரன்ஸை மாடலிலேயே போட்டு 242-ஆகத் தர முடியுமா?"

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைண்ணே. போட்டுத் தர்றேன்."

இரண்டு நாளில் வந்தது. போரின் முகத்தைத் தொட்டேன்; 52 எச்7 என்று திரையில் எழுந்தது. பிடிஎஃப்பையும் பக்கத்தில் திறந்து ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, 52.015 என்று அடித்தேன்.