பின்முற்றத்தை வரைந்தவர்

நொய்கெல்னில் பழைய கட்டடமொன்றில் குடியிருப்பவர்களுக்குப் 'பின்வீடு' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. தெருவைப் பார்த்தபடி ஒரு வீடு, அதன் பின்னால் ஒரு முற்றம், முற்றத்துக்கு அப்பால் இன்னொரு வீடு. சில இடங்களில் அதற்கும் பின்னால் மற்றொன்று. பேர்லினின் 1853ஆம் ஆண்டுக் கட்டட விதிப்படி முற்றம் 5.34 மீற்றர் நீளமும் அதேயளவு அகலமும் இருந்தால் போதும். தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு வேண்டிய இடம் அவ்வளவுதான். அப்படியொரு முற்றத்தைப் பார்த்த சமையலறையில் பகலிலும் விளக்கைப் போட்டுச் சமைக்கிறவன் நான். ஹைன்றிக் ட்சில்லேயின் படங்கள் எனக்குப் பிடித்துப்போனதற்கு முதற்காரணம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

ட்சில்லே 1858இல் சாக்சனியில் பிறந்தவர். தகப்பன் கடனாளி. கடன் தொல்லையால் ஊரைவிட்டு, 1867இல் பேர்லினுக்கு வந்த குடும்பம் நிலவறை வீடொன்றில் ஒதுங்கியது. பையன் கல்லச்சுத் தொழில் பழகினான். மாலையில் தியோடோர் ஹோசமான் என்ற ஓவியரிடம் வகுப்பு. மற்றவர்களின் படங்களைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு, தெருவுக்குப் போய்ப் பார்த்து வரை என்று அவர் புத்தி சொன்னாராம். 1877 முதல் 1907 வரை, முப்பது வருடம், ட்சில்லே படங்களை அச்சிடும் நிறுவனமொன்றில் சம்பளத்துக்கு வேலைசெய்தார். 49 வயதில் வேலை போனது. அதன் பிறகுதான் முழுநேர ஓவியர்.

கணினித் துறையில் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தாவுகிற எனக்கு அந்த முப்பது வருடம்தான் வியப்பு. பிள்ளைகுட்டிக்காரன், வேலைக்குப் போய்வருகிறவன், கிடைத்த நேரத்தில் கண்ணில் பட்டதைக் கோடுகளாக்கிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அவருடைய படமொன்றில், பின்முற்றத்தில் நிற்கும் பிள்ளை மாடியிலிருக்கும் தாயைக் கூப்பிடுகிறது. பூச்சட்டி இரண்டையும் வெளியே தரட்டாம், தங்கச்சிக்குப் பச்சைக்குள் இருக்க ஆசையாம். பார்த்தவுடன் சிரிப்பு வரும். அந்த முற்றத்தில் வேறெந்தப் பச்சையும் இல்லை என்பது அடுத்த நொடியில்தான் உறைக்கும். இன்னொன்றில் தாய் பிள்ளைகளோடு தண்ணீரில் இறங்கிச் சாகப் போகிறாள். குளிராதா என்று பிள்ளை கேட்கிறது. மீன்கள் எந்நேரமும் அதற்குள்தானே இருக்கின்றன என்று தாய் தேற்றுகிறாள். இரண்டு படங்களையும் வரைந்தது ஒரே கை. சிரிப்பதற்கு ஒரு படம், அழுவதற்கு ஒரு படம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. அந்த முற்றங்களில் வாழ்ந்தவர்களுக்கும் அவை பிரிந்து கிடைக்கவில்லை.

படங்களுக்குக் கீழே வருகிற பேச்சு முழுக்கப் பேர்லின் வழக்கு. 1914இல் வந்த தொகுப்பின் தலைப்பிலேயே, 'மிலியூ' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் பேர்லின் தெருக்காரரின் வாயில் வருகிறபடி 'மில்யோ' என்றுதான் எழுதினார். எங்கள் ஊர்ப்பேச்சை அச்சில் கண்டால் 'கொச்சை' என்று முகம் சுளித்தவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

'ஷ்லாப்பூர்ஷ' என்ற ஜேர்மன் சொல்லையும் அவர் படமொன்றின் தலைப்பில்தான் முதலில் கண்டேன். வீட்டையோ அறையையோ எடுக்க வசதியில்லாமல், அடுத்தவர் வீட்டில் படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுத்தவன் என்று பொருள். இதை ஓர் அண்ணைக்குச் சொன்னேன். 1980களில் கிழக்குப் பேர்லினின் ஷோனபெல்ட் விமானநிலையத்தில் இறங்கி, எஸ்-பான் ஏறி மேற்குப் பேர்லினுக்குள் வந்த நம்மவர்களில் அவரும் ஒருவர். "இதென்ன புதினமே தம்பி? இரவு வேலை முடிஞ்சு நான் வர, மற்றவன் எழும்பிப் போவான். மெத்தை சூடு ஆறாது" என்றார்.

அந்த மெத்தையை யாரும் வரையவில்லை. உணவகங்களில் கோப்பை கழுவிய கைகளையும், கதிரைக்குக் கதிரை ரோசாப்பூ நீட்டிய இளந்தாரிகளையும், வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்த வரிசைகளையும் வரையவில்லை. எஞ்சியிருக்கும் புகைப்படங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. அலுவலகக் கோப்புக்கு எடுத்தவை ஒன்று. ஊருக்கு அனுப்புவதற்காக, இரவல் கோட்டுப் போட்டு, யாரோ ஒருவரின் காரில் சாய்ந்து எடுத்தவை மற்றது.

ட்சில்லேக்குப் புகழ் வந்தபின் நடந்ததையும் சொல்லவேண்டும். 1924இல் புருசியக் கலைக்கழகம் அவரை உறுப்பினராக்கியது. அதே பத்தாண்டில் வசதியானவர்கள் அவர் படத்து ஏழைகளைப்போல் கந்தல் உடுத்தி 'ட்சில்லே நடனம்' ஆடினார்கள். ஒருவரின் பஞ்சம் இன்னொருவருக்கு வேடமானது. நொய்கெல்னுக்கும் அதுதான் நடக்கிறது. றிக்ஸ்டோர்ப் என்ற பெயர் கெட்டுவிட்டதென்று 1912இல் நொய்கெல்ன் என மாற்றினார்கள். இப்போது அந்தப் பழைய பெயர் அழகாகிவிட்டது. காரை உதிர்ந்த சுவரை அப்படியே விட்டுவைக்கும் கோப்பிக்கடைகள் வருகின்றன, பின்வீட்டு வாடகை ஏறுகிறது, பழைய குடியிருப்பாளர்கள் நகருக்கு வெளியே போகிறார்கள். சுவரின் கறையை மட்டும் வரைகிற படங்கள் இங்கே நிறைய விற்பனைக்கு இருக்கின்றன. அந்தச் சுவரோடு வாழ்ந்தவரின் பேச்சு அவற்றில் இல்லை.

பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. திருவிழா நாட்களில் அங்கே தட்டுப்பலகையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் இளம் பிள்ளைகளைக் காண்கிறேன். சாமியையும் மயிலையும் நன்றாக வரைகிறார்கள். அவர்களிடம் கேட்கத் தோன்றுகிறது: பிள்ளையள், சப்பாத்து அடுக்கில் தன் சப்பாத்தைத் தேடும் அம்மம்மாவை வரையுங்கள். பொங்கல் தட்டோடு குளிர்ச்சட்டையின் சிப்பைப் பூட்ட முடியாமல் நிற்கும் பெரியப்பாவை வரையுங்கள். அவர் என்ன சொல்லி முணுமுணுத்தார் என்பதைக் கீழே அப்படியே எழுதிவிடுங்கள். எழுத்துப்பிழை பார்க்கவேண்டாம்.