புள்ளி தொலையாமல் குறைக்க

ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐ-யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட். சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே 26 எம்பி. கறுப்பு எழுத்து மட்டுமே உள்ள தாளுக்கு இது வீண் சுமை. அதையே புள்ளிக்கு ஒரு பிட் என்று கறுப்பு வெள்ளையில் எடுத்தால் 1 எம்பி சொச்சம்தான். ஃபேக்ஸ் காலத்து குரூப் 4 முறை அதையும் பல மடங்கு சுருக்கிவிடும், ஒரு புள்ளிகூட மாறாமல்.

பிடிஎஃப் கனக்கிறது என்றதும் கட்டளை தட்டக் கிளம்புகிறவர், கனம் எதில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்தில் என்ன படம், எத்தனை டிபிஐ, என்ன சுருக்கம் என்பதையெல்லாம் பாப்ளர் தொகுப்பிலுள்ள பிடிஎஃப்இமேஜஸ் பட்டியலிட்டுவிடும். படமே இல்லாத கோப்புக்குப் பெரும்பாலும் கியூபிடிஎஃப் என்ற கருவி போதும். அது உள்ளே இருப்பதை இறுக்கி அடுக்கும். கண்ணுக்குத் தெரிவது எதுவும் மாறாது.

கோஸ்ட்ஸ்கிரிப்ட் அப்படியல்ல. பீட்டர் டாய்ச் 1980-களில் உருவாக்கிய இந்தக் கருவி கோப்பையே புதிதாக எழுதிவிடுகிறது. அதில் ‘ஸ்கிரீன்’ என்ற அமைப்பு வண்ண, சாம்பல் நிறப் படங்களை 72 டிபிஐ-க்கு இறக்கும்; ‘ஈபுக்’ 150-க்கு. அவசரக்காரர்கள் முன்னதைத்தான் எடுப்பார்கள், கோப்பு மளமளவென்று இளைக்கும் என்பதால். ஆனால் 72 டிபிஐ-யில் 10 பாயின்ட் எழுத்துக்குக் கிடைப்பது பத்தே புள்ளி உயரம். சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகமானால் முதலில் மங்குவது மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. வாசகர் ஊகித்துப் படித்துவிடுவார். படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள் ‘க்’கை ‘க’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பிறகு தேடுகிறவருக்கு அந்தச் சொல் அகப்படாது. தமிழ்ப் பக்கங்களை 150-க்குக் கீழே இறக்கவே கூடாது.

மங்கலாவது கண்ணில் படும். 2013-ல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் க்ரீசல் கண்டது அதைவிட மோசம். ஜெராக்ஸ் இயந்திரத்தில் எடுத்த கட்டட வரைபட நகலில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த மூன்று அறைகளும் 14.13 ஆகிவிட்டிருந்தன. எண்கள் பளிச்சென்று இருந்தன, தவறாக! ஜேபிக்2 சுருக்கம், ஒன்றுபோலத் தெரியும் துண்டுகளுக்கெல்லாம் ஒரே படத்தைப் போட்டு இடத்தை மிச்சம் பிடித்ததன் விளைவு அது.

அதே ஜேபிக்2-வில் இழப்பில்லாத வகையும் உண்டு. பத்திரங்களுக்கும் மதிப்பெண் பட்டியல்களுக்கும் அதுதான் சரி. ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற ஓசிஆர் கருவி ஜேபிக்2-வைக் கையாளும்போது இயல்பாக அந்த வகையையே எடுத்துக்கொள்கிறது. கோப்பு சற்றே பெருத்தாலும் பத்திரத்தின் சர்வே எண் மாறாது.