127 பல் சக்கரம்

கணக்கு ஏறாத பையனை ஐடிஐயில் சேர்த்துவிடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லப்படுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். அக்கறையோடு சொல்லப்படும் யோசனைதான். கையில் ஒரு தொழில் இருந்தால் பிழைத்துக்கொள்வான் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. பட்டறைக்குள் கணக்கு வராது என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்று பார்க்கத்தான் கோவையின் பட்டறைத் தெருக்களுக்குப் போனேன்.

கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் லேத் ஓடும் சத்தம் கேட்கும் ஊர் இது. ஒரு பம்பு முழுதும் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. வார்ப்பு ஒரு இடம், கடைசல் ஒரு இடம், சாவித்தடம் வெட்டுவது அடுத்த தெரு. நான்கைந்து மெஷின்களோடு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறைகளில்தான் பாதி வேலை நடக்கிறது. அங்கே வரைபடம் எப்போதும் வருவதில்லை. தேய்ந்துபோன பழைய ஷாப்டைக் கொண்டுவந்து வைத்து, இதே மாதிரி ஒன்று வேண்டும் என்பார்கள். அளவெடுப்பதிலிருந்து எல்லாக் கணக்கும் கடைபவர் தலையில்.

ஆவாரம்பாளையத்துப் பட்டறை ஒன்றில் மூத்த டர்னர் ஒருவர் டேப்பர் கடைந்துகொண்டிருந்தார். ஒரு முனையில் 40 மில்லிமீட்டர் விட்டம், மறுமுனையில் 30, நீளம் 100. இதைக் கடைய, டூலைத் தாங்கும் மேல் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்புவது என்பதுதான் கேள்வி. சாக்பீஸை எடுத்து மெஷின் மேலேயே எழுதினார்.

"பெரிசுல இருந்து சின்னதக் கழிச்சா பத்துங்க தம்பி. நூறால வகுத்தா பாயிண்ட் ஒண்ணு. அதை 28.6ஆல பெருக்கினா 2.86. அவ்வளவுதானுங்க."

செல்போனில் போட்டுப் பார்த்தேன். விட்டங்களின் வித்தியாசத்தில் பாதி 5. அதை 100ஆல் வகுத்தால் 0.05. டேன் மதிப்பு 0.05 ஆக இருக்கும் கோணம் 2.86 டிகிரி. நூல் பிடித்தாற்போல் பொருந்தியது. அந்த 28.6 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "எங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்ததுங்க. அவருக்கு யார் சொன்னாங்களோ."

எங்கிருந்து வந்தது என்பதைப் பள்ளிக் கணக்கு சொல்லிவிடும். ஒரு ரேடியன் என்பது ஏறத்தாழ 57.3 டிகிரி. அதில் பாதி 28.65. கோணம் சிறியதாக இருக்கும்வரை, ரேடியனில் சொன்ன கோணமும் அதன் டேன் மதிப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால்தான் அட்டவணையும் கால்குலேட்டரும் இல்லாத காலத்தில் ஒரே பெருக்கலில் வேலை முடிந்தது. முக்கோணவியலின் ஒரு துண்டு, பெயர் இல்லாமல், மேஸ்திரி வழியாக மேஸ்திரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு அது பெரும் மரியாதையை ஏற்படுத்தியது.

ஆனால் 80 மில்லிமீட்டர் விட்டம் 50 மில்லிமீட்டர் நீளத்துக்குள் 20ஆகக் குறையும் ஜாப் வந்தால்? அதே வாய்பாடு 34 டிகிரிக்கு மேல் காட்டும். உண்மையான கோணம் 31 டிகிரி. இரும்பு குப்பைக்குப் போகும். பெரியவருக்கு அதுவும் தெரிந்திருந்தது. "பத்து டிகிரிக்கு மேல போனா இது ஏமாத்திரும்ங்க" என்றார். வாலிப வயதில் ஒரு ஜாப் கெட்டபோது கற்றுக்கொண்டாராம். அதன்பின் கோணம் பெரியதாக இருந்தால், தகட்டில் அதே அளவில் வரைந்து, கோணமானியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார். ஒரு ஜாப்பும் ஒருநாள் கூலியும் போய்க் கிடைத்த அறிவு, பத்தாம் வகுப்பில் ஒரு பாடவேளையில் கிடைத்திருக்க வேண்டியது.

அவரிடம் ஐடிஐ முடித்த பையன் ஒருவன் பழகிக்கொண்டிருந்தான். டேப்பர் வாய்பாடு தெரியுமா என்று கேட்டதும் சட்டென்று ஒப்பித்தான். இதே 40, 30, 100 அளவுக்குக் கணக்குப் போடச் சொன்னபோது 5.7 டிகிரி என்றான். வித்தியாசத்தை அவன் பாதியாக்கவில்லை. பெரியவர் கோபிக்கவில்லை. "கண்ணு, ஜாப்புக்கு நடுவுல ஒரு கோடு போடு. டூல் எந்தப் பக்கம் நிக்குது? அந்தப் பக்கத்துல மட்டும் எவ்வளவு குறையுது?" என்றார். பையன் தரையில் படம் போட்டான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் "அஞ்சுதான் அண்ணா" என்றான். இனி அவன் மறக்கமாட்டான் என்று நினைக்கிறேன். வாய்பாட்டில் கீழே நின்ற 2, ஜாப்பின் நடுக்கோடாக மாறிவிட்டது.

எங்கள் மாநிலப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் கூம்பின் இடைக்கண்டம் என்றொரு பாடம் உண்டு. பையன் கடைந்துகொண்டிருந்த ஜாப் அதுதான். அவனுக்கு யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. புத்தகத்தில் அதன் கன அளவைக் கண்டுபிடித்திருக்கிறான். பட்டறையில் அதன் சாய்வைக் கண்டுபிடிக்கிறான். இரண்டும் ஒரே பொருள் என்பது எந்த வகுப்பிலும் அவன் கண்ணில் படவில்லை.

மில்லிங் மெஷினில் பல் வெட்டுவது இன்னொரு கணக்கு. ஜாப்பைச் சம பாகங்களாகத் திருப்பும் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு முழுச் சுற்று சுற்றும். 28 பல் வேண்டுமானால் ஒரு பல்லுக்கு 40/28 சுற்று. சுருக்கினால் ஒரு முழுச் சுற்றும் 3/7 சுற்றும். ஏழு துளைத் தட்டு கிடையாது, 21 துளைத் தட்டு இருக்கிறது. ஆகவே ஒரு சுற்றும் 9 துளையும். ஆறாம் வகுப்பில் படித்த சமபின்னம் இதுதான். ஃபிளாஞ்சில் ஆறு துளை குறிக்கும் ஃபிட்டர் காம்பஸை ஆரத்தின் அளவுக்கே விரித்து வட்டத்தில் அடியடியாக வைத்துப் போகிறார். ஐந்து துளை என்றால் விட்டத்தை 0.588ஆல் பெருக்கிக்கொள்கிறார். அது 36 டிகிரியின் சைன் மதிப்பு.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது ஒரு பேட்டர்ன் பட்டறை. வார்ப்படத்துக்கு மணலில் அச்சுப் பதிக்கும் மர மாதிரியைச் செய்கிற இடம். தேக்குத் தூள் மணக்கும் அந்தக் கூடத்தில் கிடந்த ஸ்கேலில் ஒரு மீட்டர், ஒரு மீட்டரைவிட நீளமாக இருந்தது. உருகிய இரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்துப் பொறித்த ஸ்கேல் அது. அலுமினியத்துக்கு ஏறத்தாழ 13, எஃகுக்கு 20 வரை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்கேல்.

அங்கிருந்த ஆசாரி ஒரு பம்பு ஃபிளாஞ்சைக் காட்டிக் கணக்குச் சொன்னார். முடிந்த அளவு 400 மில்லிமீட்டர். லேத்தில் கடைந்து எடுக்க ஒரு பக்கத்துக்கு 3 வீதம் விடவேண்டும். விட்டத்தில் அது 6. ஆக 406. இரும்பு சுருங்குவதற்கு நூற்றுக்கு ஒன்று சேர்த்தால் 410. நூற்றுக்கணக்கில் வார்ப்பதாக இருந்தால் மரம் தாங்காது. மரத்திலிருந்து ஒரு அலுமினிய பேட்டர்ன் வார்த்து, அதைக்கொண்டுதான் இரும்பை வார்ப்பார்கள். அப்போது அலுமினியத்தின் சுருக்கத்தையும் 410இன் மேல் சேர்க்கவேண்டும். மர பேட்டர்ன் 415ஐத் தாண்டிவிடும். நானூறு மில்லிமீட்டர் ஃபிளாஞ்சு மரத்தில் பதினைந்து மில்லிமீட்டர் பெரிதாகப் பிறக்கிறது.

"இது கூட்டல்தானுங்க, யாரும் செஞ்சிருவாங்க. நடுத் துளைக்கு வரப்போதான் ஆளு மாட்டுவான்" என்றார். உள்ளே 100 மில்லிமீட்டர் துளை என்றால், கடைந்தால் துளை பெரிதாகும். எனவே 6 கழித்து 94. ஆனால் ஆறும்போது துளையும் சேர்ந்தே சுருங்கும். அதற்காக 94க்கு நூற்றுக்கு ஒன்று கூட்டினால் 95. ஒரே துளைக்கு ஒரு காரணத்துக்காகக் கழித்து, இன்னொரு காரணத்துக்காகக் கூட்டவேண்டும். இரண்டையும் கூட்டினால் வார்ப்பு மொத்தமும் வீண். உருக்கும்போது தெரியாது, கடையும்போதுதான் தெரியும். அவர் எட்டாவதோடு நின்றவர். கூட்டுவதா கழிப்பதா என்பதை அவர் குறியீடாகப் பார்க்கவில்லை. இரும்பு எந்தத் திசையில் நகரும் என்று கேட்டுக்கொள்கிறார். பள்ளியில் மிகை எண், குறை எண் நடத்துபவர்கள் ஒருமுறை அவர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இந்தக் குறி சிஎன்சி மெஷினில் இன்னும் கடுமையாகத் தண்டிக்கிறது. சிட்கோவில் நான் பார்த்த யூனிட்டில், 24.980க்கும் 24.993க்கும் இடையில் இருக்கவேண்டிய ஷாப்ட் ஓடிக்கொண்டிருந்தது. மொத்த இடைவெளி 13 மைக்ரான். அளந்தால் 25.017 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடு அளவுக்குக் கொண்டுவர ஆஃப்செட்டில் மைனஸ் 0.03 போடவேண்டும். பிளஸ் போட்டால் விட்டம் கூடும். மறுபடி கடைந்துவிடலாம். மைனஸ் 0.3 என்று புள்ளி தவறினால் ஜாப் 24.717. போன இரும்பு திரும்பாது.

அந்த யூனிட்டின் புரோகிராமர் ஹெல்பராக வேலைக்குச் சேர்ந்த பெண். ஆபரேட்டர், செட்டர், புரோகிராமர் என்ற படிகளில் ஒவ்வொன்றிலும் ஏறுவதற்குக் கணக்குதான் தேவைப்பட்டது என்றார். ஓடும் மெஷினில் பட்டனை அழுத்தக் கணக்கு வேண்டாம். அளவு திருத்த தசமமும் குறியும் வேண்டும். வளைவும் சாய்வும் சேரும் புள்ளி எங்கே என்று கண்டுபிடிக்க ஆயத்தொலை வடிவியலும் முக்கோணவியலும் வேண்டும். இப்போது அதை மென்பொருள் போட்டுத் தருகிறதே என்றேன். "தருது சார். அது தப்பாத் தந்தா தப்புன்னு எனக்குத் தெரியணுமில்ல?" என்றார். புதிதாகச் சேருபவர்களிடம் ஒரு ஷாப்டைக் கையில் கொடுத்து, வெர்னியர் இல்லாமல் விட்டம் எவ்வளவு இருக்கும் என்று முதலில் கேட்பாராம். சரியாகச் சொல்லவேண்டியதில்லை. 25ஐ 80 என்று சொல்பவரைப் பற்றித்தான் கவலைப்படுவார்.

பள்ளிக் கணக்கு முழுதும் பட்டறைக்குத் தேவை என்று நான் சொல்லவரவில்லை. அணிகளோ இருபடிச் சமன்பாடுகளோ லேத்தின் முன்னால் வந்து நிற்பதை நான் பார்க்கவில்லை. வந்து நிற்பவை விகிதம், பின்னம், தசமம், நூற்றுவீதம், செங்கோண முக்கோணம், வட்டம். எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவை நாள் முழுதும் வருகின்றன, தவறினால் பொருள் கெடுகிறது. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நடக்கும் ஐடிஐகளில் பட்டறைக் கணக்கும் அறிவியலும் ஒரு பாடமாகவே இருக்கிறது. பாடத்திட்டத்தில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து நடத்தவேண்டியதை வேறு அறையில், வேறு ஆசிரியர், தேர்வுக்கான வினா விடையாக நடத்தும்போதுதான் அந்தப் பையனின் 5.7 டிகிரி பிறக்கிறது.

இதைச் சொன்னால் கோவையில் யாராவது ஜி.டி. நாயுடுவை முன்வைப்பார்கள். தொடக்கப் பள்ளியைத் தாண்டாதவர் மோட்டார் செய்யவில்லையா என்பார்கள். செய்தார். மோட்டார்சைக்கிளைப் பிரித்துப் போட்டுத் தானே படித்தவர். ஆனால் 1945இல் இந்த ஊரில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி எழ முன்னின்றவரும் அவரே. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அது. படிப்பு வேண்டாம் என்பதற்கு அவரைச் சாட்சி கூப்பிடுவது அவருக்கே நியாயம் செய்வதாகாது. மேதைக்கு எந்த வழியும் திறக்கும். மாதச் சம்பளத்துக்கு வரும் பிள்ளைக்குக் கணக்கைக் கொடுக்காமல் அனுப்பினால், அவன் பட்டனை அழுத்தும் இடத்திலேயே நின்றுவிடுவான்.

கணபதியில் கடைசியாகப் போன பட்டறையில் ஒரு பழைய லேத். மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் அதன் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு நான்கு மரை உடையது. அதில் 2 மில்லிமீட்டர் பிட்ச் மரை வெட்டவேண்டும் என்று ஒருவர் வந்தார். அங்குலமும் மில்லிமீட்டரும் ஒன்றுக்குள் ஒன்று அடங்காத அளவுகள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஐந்தால் பெருக்கினால்தான் 127 என்ற முழு எண் கிடைக்கும். அது பகா எண். எந்தச் சின்னச் சக்கரங்களைச் சேர்த்தாலும் அது வராது. ஆகவே 127 பல் கியர் ஒன்று இருந்தே ஆகவேண்டும். 40 பல் ஓட்ட, 127 பல் ஓடினால் அச்சாக 2 மில்லிமீட்டர்.

அந்தப் பட்டறையில் 127 இல்லை, 63 இருந்தது. 63, 100, 40, 80 என்று நான்கு கியரைக் கோத்தால் பிட்ச் 2.00025 வரும் என்றார் டர்னர். எட்டாயிரத்தில் ஒரு பங்குதான் பிசகு. சேஞ்ச் கியர் பெட்டியைத் திறந்தவர், எதையும் எடுக்காமல் வந்தவரிடம் கேட்டார்:

"மரை எவ்வளவு நீளமுங்க?"

"அறுநூறு. மெஷினோட ஸ்க்ரூ, டேபிள் நகர்த்துறதுக்கு."

மனதுக்குள் கணக்கு ஓடியது முகத்தில் தெரிந்தது. நட்டு மாட்டும் போல்ட் என்றால் 80 மில்லிமீட்டர் நீளத்துக்கு நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் தவறும், யாருக்கும் தெரியாது. அறுநூறுக்கு 0.075. டேபிள் அந்த அளவுக்குப் பொய் சொல்லும். பெட்டியை மூடினார். "இங்க வேண்டாமுங்க. ரெண்டு தெரு தள்ளி 127 வெச்சிருக்காங்க, அங்க குடுங்க" என்று சொல்லி, ரோட்டுக்கு வந்து வழி காட்டினார்.