தட்டணுக்களின் காவல்

காயத்தினின்று வழியும் குருதி சிறிது நேரத்தில் தானே நின்றுவிடுகின்றது. அவ்வாயிலை முதலில் அடைப்பன குருதியில் மிதக்கும் தட்டணுக்களாம். காயமுற்ற குழாய்ச் சுவரில் அவை ஒட்டிக் குவிவதை இத்தாலிய அறிஞர் பிட்சொசெரோ 1882ஆம் ஆண்டில் விளக்கினார்.

இக்காவலே இடராவதும் உண்டு. இதயத்திற்கு ஊட்டமளிக்கும் தமனியின் உட்சுவரில் கொழுப்புத் திட்டுகள் தடிப்பதுண்டு. திட்டொன்று வெடித்தால், அதனையும் புண்ணென்றே கொண்டு தட்டணுக்கள் மொய்க்கும்; வழி அடைபட்டு மாரடைப்பு நேரும். பாவம், அவை அறிந்த தொழில் அது ஒன்றே!

1986ஆம் ஆண்டில் பிரான்சில் புயெல், சுவிட்சர்லாந்தில் சிக்வார்ட் என்னும் மருத்துவர்கள், சுருங்கிய தமனிக்குள் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயைப் பொருத்தினர். வழி திறந்தது. ஆயினும் அயற்பொருளாகிய அவ்வுலோகத்தின்மீதும் தட்டணுக்கள் படிந்தன. சிலருக்குக் குழாய் மீண்டும் அடைபட்டது. ஆகவே ஆஸ்பிரினோடு மற்றொரு மருந்தும் கொடுத்து அவற்றை அடக்கும் முறை பின்னர் வந்தது. அளவு மீறி அடக்கினாலோ குருதிப்பெருக்கு நேரும். மருத்துவர்க்கு இது கத்திமுனை நடையே.

இன்று மெல்லிய இழை வழியே தமனிக்குள் ஒளியைச் செலுத்திப் படமெடுக்கின்றனர். திட்டின் மேல்மூடி எத்துணை மெலிந்துள்ளது, வலைக்கம்பிகள்மீது திசுப் படர்ந்துள்ளதா என்பன அப்படத்தில் தெரிகின்றன. கம்பிகள் மூடப்படுமுன் நோயாளி தாமாகவே மருந்தை நிறுத்தின், தட்டணுக்கள் மீண்டும் அங்கே திரளக்கூடும்.